படத்தில் எங்கே கோளாறு? மாணவர் குறும்படப் பயிற்சிகளை அறிகுறி வைத்துச் சரிபார்க்கும் வழிமுறை

இரண்டு மூன்று நிமிடப் பயிற்சிப் படம். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருகிறார், அறையைக் கடந்து நாற்காலியில் உட்கார்கிறார், எதிரே இருப்பவரிடம் நான்கு வரி பேசுகிறார். திரையிட்டு முடித்ததும் வகுப்பிலிருந்து வருபவை: "லேக்கா இருக்கு", "ஏதோ ஜம்ப் ஆகுது", "புரியலை", "சூப்பர்". இவற்றில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று எடுத்தவருக்குத் தெரிவதில்லை. மதிப்பெண் போடுபவருக்கோ பிடித்தது, பிடிக்கவில்லை என்பதைத் தாண்டி எழுத ஒன்றும் கிடைப்பதில்லை.

இந்த வழிமுறை அந்த இருவருக்காகவும். இதன் பிடிமானம் ஒன்றுதான்: பார்த்தவர் சொல்வது அறிகுறி. எந்த இடத்தில் தொந்தரவு என்பதில் அவர் பெரும்பாலும் சரியாகவே இருப்பார். ஏன் என்று சொல்லும்போது ஊகிக்கிறார். எப்படிச் சரிசெய்யலாம் என்று ஆரம்பித்தால், மனதுக்குள் தன்னுடைய படத்தை எடுக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். உண்மையான காரணம் அவர் சுட்டிய நொடிக்கு முன்னால் எங்கோ இருப்பதுதான் வழக்கம். ஆகவே கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு கருத்து. அதிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

தொடங்கும் முன்

பயிற்சிக்காகக் கொடுத்த குறிப்பை முதலில் எடுத்து வையுங்கள். "கன்டினியூட்டி தெரிய வேண்டும், லைன் கிராஸ் ஆகக் கூடாது, வசனம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம்" என்று அதில் இருந்தால் பார்க்க வேண்டியது அவற்றைத்தான். (கன்டினியூட்டி என்பது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி; லைன் என்னவென்று கீழே வரும்.) கதையின் ஆழத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது சுகமான வேலை, ஆனால் அந்தப் பயிற்சி அதைக் கேட்கவில்லை.

டைம்கோட் (படம் ஓடும் நேரத்தைக் காட்டும் எண்) மூலையில் ஓடும்படி ஒரு பிரதியை எக்ஸ்போர்ட் செய்து, மூன்று முறை பாருங்கள். முதல் முறை நிறுத்தாமல். எடுத்தவர் முன்னுரை எதுவும் சொல்லக் கூடாது. மழை வந்தது, நடிக்க வேண்டியவர் வரவில்லை, கேமரா கடைசி நேரத்தில் மாறியது எல்லாம் பிறகு. கவனம் கலைந்த இடத்தின் டைம்கோடை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் எழுத வேண்டாம். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு. மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும். முதல் பார்வையில் உறுத்திய இடம் ஒலி இல்லாதபோது உறுத்தவில்லை என்றால், தேட வேண்டியது ஒலித்தடத்தில். எல்லோரும் கேமராவைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தச் சோதனை நிறைய மூச்சை மிச்சப்படுத்தும்.

"புரியலை"

வெவ்வேறு நான்கு கோளாறுகளுக்கு மாணவர்கள் இந்த ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிரித்தறிய எளிய வழி: படம் முடிந்ததும், யாரும் வாய் திறப்பதற்கு முன், என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் மூன்று வரி எழுதட்டும். விமர்சனம் வேண்டாம், நடந்தது மட்டும். பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஒரே இடத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்களா? அங்கே ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது. உள்ளே வருபவர் மேசைமேல் இருக்கும் சாவியைப் பார்த்துவிட்டுத்தான் முகம் மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறை முழுவதையும் காட்டும் வைட் ஷாட்டில் அந்தச் சாவி ஒரு புள்ளி. எடுத்தவருக்கு அது சாவி என்று தெரியும், ஏனென்றால் அங்கே வைத்தவரே அவர்தான். பார்ப்பவருக்கோ காரணமில்லாமல் ஒருவர் முகம் சுளிக்கிறார். "அவர் ஏன் கோபப்படுறார்னு புரியலை" என்ற கருத்து முகம் மாறும் ஷாட்டின் மேல் வரும். கோளாறு அதற்கு முந்தைய ஷாட்டில் இருக்கும். சாவியை மட்டும் கிட்டத்தில் காட்டும் ஒரு இன்சர்ட் ஷாட் போதும். மறுபடி படமெடுக்க வழியில்லை என்றால், முன்னதாகவே சாவிச் சத்தம் ஒன்றைக் கேட்கவைக்கலாம், அல்லது வைட் ஷாட்டை நான்கு விநாடி நீட்டி, கண் மேசைக்குப் போக நேரம் கொடுக்கலாம். வசனம் சேர்த்து விளக்குவதுதான் முதலில் தோன்றும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

எல்லோரும் ஒரே கதையை, ஆனால் நீங்கள் நினைக்காத கதையை எழுதியிருக்கிறார்களா? அப்படியானால் படம் குழப்பமாக இல்லை, தெளிவாக வேறொன்றைச் சொல்கிறது. இரண்டு ஷாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் பார்ப்பவர் அவற்றுக்குள் ஓர் உறவைத் தானாகவே கட்டிவிடுவார். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் பெயரால் வழங்கும் பழைய சோதனை இதுதான்: உணர்ச்சி காட்டாத அதே முகத்தைச் சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள் என்பார்கள். மாணவர் படங்களில் இது வேண்டாத இடத்தில் நடக்கிறது. நண்பனின் முகம், உடனே கடிகாரம், பிறகு கதவு என்று வெட்டியிருந்தால், எல்லோரும் "யாருக்காகவோ காத்திருக்கிறான்" என்றுதான் எழுதுவார்கள். கடிகாரம் அழகாக இருந்தது என்பதற்காக அங்கே வைத்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு மறுபடி காட்டுங்கள். பல நேரம் வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்காது.

நடந்ததைச் சரியாக எழுதிவிட்டு, கடைசியில் "ஆனா புரியலை" என்று சேர்த்திருந்தால், புரியாதது என்ன நடந்தது என்பதல்ல, எதற்காக நடந்தது என்பது. அந்த ஆள் எதை விரும்பி அறைக்குள் வந்தார் என்பது படத்தில் இல்லை. எடிட்டிங்கில் இதற்கு மருந்து கிடைப்பது அபூர்வம். அடுத்த பயிற்சியின் ஸ்கிரிப்டில் "இவருக்கு இப்போது என்ன வேண்டும்" என்பதை ஒரு வரியில் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

ஒருவருக்கு மட்டும் புரியவில்லை என்றால் குறித்துக்கொண்டு நகருங்கள். அவர் அந்த நேரத்தில் போனைப் பார்த்திருக்கலாம்.

"லேக் அடிக்குது"

1:40-இல் சலிப்புத் தட்டியது என்று மூன்று பேர் சொன்னால், 1:40-ஐ வெட்டப் போகாதீர்கள். அந்த இடத்தில் அவர்கள் பொறுமை தீர்ந்தது. தீரத் தொடங்கியது எப்போதோ. தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு ஷாட்டையும் நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ஷாட்டில் பார்ப்பவருக்குப் புதிதாக என்ன கிடைத்தது? ஒரு பக்கத்தில் ஷாட் எண், மறுபக்கத்தில் புதிய தகவல் என்று எழுதிக்கொண்டே போங்கள். வலப்பக்கம் தொடர்ந்து மூன்று ஷாட்டுகளுக்குக் காலியாக இருந்தால் லேக் அங்கேதான் பிறக்கிறது.

மாணவர் படங்களில் இந்தக் காலி இடம் எங்கே இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அலாரம் அடிக்கிறது, எழுகிறார், முகம் கழுவுகிறார், கண்ணாடியில் பார்க்கிறார், செருப்பு மாட்டுகிறார், நடக்கிறார், நடக்கிறார். கதை நாற்காலியில் உட்கார்ந்தபின்தான் தொடங்குகிறது. முதல் ஷாட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். படம் நிற்கிறதென்றால் அடுத்ததையும் எடுங்கள். எந்த ஷாட்டை எடுத்தால் படம் சரிகிறதோ, அதுதான் உங்கள் உண்மையான முதல் ஷாட். டைட்டிலையும் கணக்கில் சேருங்கள். 3 நிமிடப் படத்தில் 30 விநாடி டைட்டில் ஓடினால், ஆறில் ஒரு பங்கு படம் பெயர்ப் பட்டியல்.

இன்னொரு வகை லேக் இதற்கு நேர் எதிர்: விநாடிக்கு ஒரு கட் வைத்த படமும் சலிக்கும். அங்கே ஷாட்டின் நீளம் பிரச்சினையே இல்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாததால் கண் சும்மா ஓடிக் களைக்கிறது. அதை மேலும் வேகமாக வெட்டினால் நிலைமை மோசமாகும். ஒரு ஷாட்டை நீட்டிப் பாருங்கள்.

முழுப் படத்துக்கும் ஒரே இசைத்துண்டை விரித்திருந்தாலும் லேக் வரும், ஏனென்றால் எல்லாத் தருணமும் ஒரே கனத்தில் கேட்கிறது. ஆர்.ஆர். (பின்னணி இசை) முழுவதையும் அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். இசை இல்லாமல் நிற்காத இடங்கள் எவை என்று அப்போதுதான் தெரியும்.

"ஏதோ ஜம்ப் ஆகுது"

பார்த்தவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. சரிபார்க்க வேண்டியவர் இந்த வரிசையில் போகலாம்.

முதலில் லைன். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் நடுவே ஒரு கோடு போட்டுக்கொண்டு, கேமரா எப்போதும் அதன் ஒரே பக்கத்தில் இருந்ததா என்று பாருங்கள். இதைத்தான் 180 டிகிரி விதி என்கிறோம். ஒருவருக்கு ரைட் லுக் என்றால் மற்றவருக்கு லெஃப்ட் லுக் வர வேண்டும். இருவரும் ஒரே பக்கம் பார்த்தால், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, வெளியே இருக்கும் மூன்றாவது ஆளிடம் பேசுகிறார்கள். சஜஷன் ஷாட்டில் (தோளுக்குப் பின்னாலிருந்து எடுப்பது) இது குறைவாக உறுத்தும், ஏனென்றால் மற்றவரின் தோள் ஃப்ரேமில் இருக்கிறது. தனித்தனி க்ளோஸ்-அப்பில் அப்பட்டமாகத் தெரியும். லைன் கிராஸ் ஆகிவிட்டிருந்தால், நடுவே கோட்டின் மேலேயே நின்று எடுத்த ஷாட் ஏதாவது இருக்கிறதா, கையின் இன்சர்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் க்ளோஸ்-அப்பை இடவலமாகப் புரட்டிப் போடும் வழி ஒன்று உண்டு. சட்டைப் பை, தலைமுடி வகிடு, கைக்கடிகாரம், பின்னால் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து கோணம். ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட்டில் காட்டும்போது கேமரா சுமார் 30 டிகிரியாவது நகர்ந்திருக்க வேண்டும், ஷாட்டின் அளவும் மாறினால் நல்லது. இடுப்புக்கு மேல் காட்டும் மிட் ஷாட்டிலிருந்து கொஞ்சமே கிட்டப் போன இன்னொரு மிட் ஷாட்டுக்கு வெட்டினால், படம் விக்கியது போலத்தான் இருக்கும்.

மூன்றாவதாக ஆக்‌ஷன் கட். ஆள் உட்காருவதை வைட்டில் பாதியும் மிட் ஷாட்டில் மீதியும் காட்டுகிறீர்கள் என்றால், வெட்டு அசைவின் நடுவே இருக்க வேண்டும். உட்கார்ந்து முடித்தபின் வெட்டினால் இரண்டு தனித் துண்டுகள்போலத் தெரியும். இதற்கு இரண்டு ஷாட்டிலும் முழு அசைவையும் எடுத்திருக்க வேண்டும். "உக்காந்தாச்சுல்ல, கட்" என்று படப்பிடிப்பில் அவசரப்பட்டதன் விலை எடிட்டிங் மேசையில்தான் தெரியும்.

தண்ணீர் அளவு மாறியது, காலர் மடிந்தது போன்றவற்றை வகுப்பு உற்சாகமாகக் கண்டுபிடிக்கும். கண்டுபிடிப்பது எளிது, சொன்னால் புத்திசாலியாகத் தெரியும். எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு வெட்டை எடைபோட ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி, உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவரின் கண் போகும் இடத்துக்கு 7, திரைத்தளத்துக்கு (திரையில் யார் எந்தப் பக்கம் என்பது) 5, இடத்தின் முப்பரிமாணத் தொடர்ச்சிக்கு 4 சதவீதம் என்று கொடுத்தார். லைன் போன்ற விதிகள் கடைசிப் படிகளில் இருக்கின்றன. பொதுவாக இந்த வரிசையை நம்பலாம். ஆனால் பயிற்சியின் நோக்கமே கன்டினியூட்டி என்றால் இந்த வரிசையைக் காட்டித் தப்பிக்க முடியாது. அங்கே அந்தக் கடைசிப் படிகளுக்குத்தான் மதிப்பெண்.

"வசனம் கேக்கலை"

இந்தக் கருத்தை எடுத்தவர் நம்ப மறுப்பார், ஏனென்றால் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. ஸ்கிரிப்டை நூறு தடவை படித்தவருக்குக் கேட்காமல் போகாது. ஸ்கிரிப்டைப் பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். ஹெட்போனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை.

இரண்டிலும் மெலிதாக இருந்தால் லெவல் குறைவு. பேச்சின் உச்சங்கள் டிஜிட்டல் மீட்டரில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே விழும்படி வைப்பது பயிற்சிப் படங்களுக்குப் போதுமான இலக்கு. 0-ஐத் தொட்டு உடைந்த ஒலி பதிவிலேயே உடைந்திருந்தால், லெவலைக் குறைத்தாலும் உடைந்தபடிதான் கேட்கும்.

ஹெட்போனில் சரி, ஸ்பீக்கரில் மட்டும் மூழ்குகிறது என்றால் இசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வசனத்தை ஏற்றுவதற்குப் பதில் இசையை இறக்குங்கள்.

சத்தம் போதுமான அளவு இருந்தும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தால், மைக் தூரத்தில் இருந்திருக்கிறது. திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மூடிய அறையில் சுவரின் எதிரொலி அதே அளவில் நிற்பதால், பேச்சு அதற்குள் கரைகிறது. எதிரொலியை மென்பொருளால் ஓரளவு குறைக்கலாம், சுத்தமாக எடுக்க முடியாது. படப்பிடிப்பில் பதிவான ஒலியை வழிகாட்டியாக (பைலட்) வைத்துக்கொண்டு டப்பிங் செய்வது, அல்லது மைக்கைக் கிட்டக் கொண்டுபோய் அதே இடத்தில் வசனத்தை மட்டும் மறுபடி பதிவது, இரண்டில் ஒன்று.

ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி இரைச்சல் மாறி மாறிக் கேட்டால், ஆம்பியன்ஸ் பதியவில்லை. படப்பிடிப்பு முடிந்து கலைவதற்கு முன் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து 30 விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிந்திருந்தால், அதைத் தொடர்ச்சியாக அடியில் ஓட்டி வெட்டுகளை மறைத்திருக்கலாம். பதியவில்லையா? வசனங்களுக்கு இடையிலுள்ள மௌனங்களைத் திரட்டி ஒட்டிப் பாருங்கள். "ஜம்ப் ஆகுது" என்று வந்த கருத்துகளில் சில உண்மையில் இந்த ஒலி மாற்றத்தைத்தான் சொல்கின்றன. ஒலியை அணைத்துப் பார்க்கச் சொன்னது அதற்காகவும்தான்.

உதடும் ஒலியும் ஒட்டவில்லை என்றால், தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகலா, போகப் போகக் கூடுகிறதா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் ஷாட்டின் தொடக்கத்தில் தட்டிய கிளாப்பை வைத்து நகர்த்தினால் முடிந்தது. போகப் போகக் கூடினால், போன் கேமராவின் மாறுபடும் ஃப்ரேம் ரேட்டைத்தான் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது) முதலில் சந்தேகிக்க வேண்டும். எடிட்டிங்குக்கு முன் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

"நடிப்பு சரியில்லை"

நடித்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்வதும் கேட்பதும் சங்கடம். அதனால் சீக்கிரம் பொறுப்பை இடம் மாற்றுங்கள். ஒலியை அணைத்தால் முகம் நம்பும்படி இருக்கிறதா? திரையை மறைத்தால் குரல் நம்பும்படி இருக்கிறதா? தனித்தனியாக இரண்டும் சரி, சேர்ந்தால் சரியில்லை என்றால் குற்றவாளி எடிட்டிங்: வரிக்கும் வரிக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஒருவர் முடித்து, அரை விநாடி வெறுமை, பிறகு மற்றவர் என்று ஒரே சீராக வந்தால் பாடம் ஒப்பிப்பது போலிருக்கும். இடைவெளிகளைச் சமமில்லாமல் ஆக்குங்கள், பேசுபவரை விட்டுக் கேட்பவரின் முகத்தில் நில்லுங்கள், அடுத்த வரியின் ஒலியைப் படத்துக்கு முன்பே தொடங்கவிடுங்கள். முகமே நம்பும்படி இல்லை என்றால், அவருக்குக் கையில் செய்ய ஏதாவது வேலை கொடுத்தீர்களா என்று யோசியுங்கள். "சோகமா இரு" என்று சொல்லி எடுத்த டேக்கும் "அந்தப் பையை மடிச்சு வெச்சுக்கிட்டே பேசு" என்று சொல்லி எடுத்த டேக்கும் ஒன்றாக இருக்காது.

படம் மினுங்குகிறது, நிறம் மாறுகிறது

விளக்கொளியில் மினுங்கினால் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள்: மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் 1/50 அல்லது 1/100 விநாடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. ஷாட் ஓடும்போதே வெளிச்சமோ நிறமோ தானாக மாறினால் எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸும் (நிறச் சமன்) ஆட்டோவில் இருந்திருக்கின்றன. பூட்டிவைத்து எடுக்க வேண்டும். இவற்றைப் பற்றி வகுப்பில் நீண்ட விவாதம் தேவையில்லை. குறித்துக் கொடுத்தால் போதும்.

எல்லோரும் "சூப்பர்" என்கிறார்கள்

இங்கிருந்து கோளாறு படத்தில் இல்லை, கருத்து கேட்கும் முறையில் இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று நண்பனைக் கேட்டால் நண்பன் வேறு என்ன சொல்வான்? அதிலும் முதலில் பேசியவர் பாராட்டிவிட்டால், அடுத்தவர்கள் அந்தத் தடத்திலேயே போவார்கள். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்குக்கூட, சுற்றியிருப்பவர்கள் ஒருமித்துத் தவறான விடை சொன்னபோது பலர் அதற்கு உடன்பட்டார்கள். கோட்டுக்கே அப்படியென்றால் குறும்படத்துக்குக் கேட்கவே வேண்டாம். முதலில் எழுத்து, பிறகுதான் பேச்சு என்ற ஒழுங்கு இதற்காகத்தான்.

கேள்வியையும் மாற்றுங்கள். எந்த இடத்தில் நேரம் பார்க்கத் தோன்றியது? எந்த ஷாட் இப்போதும் நினைவில் இருக்கிறது? அவர் எழுந்து போனபோது அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? இவற்றுக்குச் "சூப்பர்" என்று பதில் சொல்ல முடியாது.

முழு அமர்வுக்கும் ஒரு வடிவம் வேண்டுமென்றால், அமெரிக்க நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய முறை குறும்படத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது. நான்கு படிகள்: பார்த்தவர்கள் தங்களுக்கு எது மனதில் பட்டது என்று சொல்கிறார்கள்; படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேள்வியாகக் கேட்கிறார்; பார்த்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை உள்ளே நுழைக்காத நடுநிலைக் கேள்விகள் கேட்கிறார்கள்; கடைசியில், படைத்தவர் அனுமதித்தால் மட்டும், அபிப்பிராயம். மூன்றாம் படிதான் கடினம். "ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?" என்பது கேள்வி வேடம் போட்ட குறை. "இந்த வெளிச்சத்தை எப்படி முடிவு பண்ணீங்க?" என்றால் பதில் சொல்பவரே யோசிக்க ஆரம்பிப்பார்.

கருத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன

ஒருவர் "ரொம்ப வேகம்", இன்னொருவர் "ரொம்ப மெதுவு". இதைக் கேட்டு எடுத்தவர் இரண்டையும் தள்ளிவிடுகிறார்: இரண்டும் கழிந்துபோயிற்று, கணக்கு சரி என்று. இருவரும் எந்த டைம்கோடைச் சொன்னார்கள் என்று பாருங்கள். ஒரே இடம் என்றால் அவர்கள் மோதவில்லை, ஒப்புக்கொள்கிறார்கள். அந்த இடம் வேலை செய்யவில்லை. கருத்துகளைத் தீர்வு வாரியாக எண்ணாதீர்கள், இடம் வாரியாக எண்ணுங்கள்.

இன்னொன்று: நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அவர் ஐந்து நிமிடம் விளக்கிய கருத்தும் ஒரு கருத்துதான்.

"இந்த இடத்துல மியூசிக் போடு", "ஃப்ளாஷ்பேக் வை" என்று தீர்வாகவே வந்தால், தள்ளவும் வேண்டாம், கீழ்ப்படியவும் வேண்டாம். "அது இல்லாதப்ப உனக்கு என்ன குறைஞ்ச மாதிரி இருந்துச்சு?" என்று திருப்பிக் கேளுங்கள். மியூசிக் கேட்டவருக்கு, அந்தத் தருணம் முக்கியம் என்பது சந்தேகமாக இருந்திருக்கும். அதைச் சரிசெய்ய க்ளோஸ்-அப் போதும், மௌனமும் போதும்.

எடுத்தவர் வாதாடுகிறார்

வாதாடும் அமர்வில் மூன்றாவது ஆளுக்குப் பிறகு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். எடுத்தவர் பேசாமல் உட்காரட்டும், குறிப்பெடுப்பதைக்கூட இன்னொருவர் செய்யட்டும். அவர் கையில் ஒரு தாளை மட்டும் கொடுங்கள். எங்கெல்லாம் "இல்ல, அது எதுக்குன்னா..." என்று சொல்ல வாய் துடிக்கிறதோ, அதை அவர் அதில் எழுதிக்கொள்ளட்டும். அமர்வு முடிந்ததும் அந்தத் தாளைப் பாருங்கள்: படத்தில் இருக்க வேண்டியதும் இல்லாததும் அதில் வரிசையாக இருக்கும். வகுப்பு கொடுத்த பட்டியலைவிட அதுவே பயனுள்ளது.

மதிப்பெண்கள் ஒத்துவரவில்லை

ஒரே படத்துக்கு ஒருவர் 8 போடுகிறார், இன்னொருவர் 4. முதலில் இருவரும் ஒரே குறிப்பை வைத்துத்தான் மதிப்பிட்டார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் பயிற்சியையும் இன்னொருவர் படத்தையும் மதிப்பிட்டிருப்பார்.

அடுத்தது கேமரா மயக்கம். பின்னணி மங்கிய அழகான ஃப்ரேமைப் பார்த்தவுடன் அதே படத்தின் ஒலிக்கும் கதைக்கும்கூட மதிப்பெண் ஏறிவிடும். ஒரு குணத்தைப் பற்றிய எண்ணம் மற்றக் குணங்களின் மதிப்பீட்டிலும் கசியும் என்பதை எட்வர்ட் தார்ன்டைக் 1920-இலேயே எழுதிவிட்டார். மருந்து: ஒரு படத்துக்கு எல்லா மதிப்பெண்ணையும் போட்டு முடித்து அடுத்ததற்குப் போகாமல், ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு எல்லாப் படங்களுக்கும் போடுங்கள். ஒலிக்குப் போடும்போது திரையைத் திருப்பி வையுங்கள். அடுத்த அளவுகோலுக்குப் படங்களின் வரிசையைக் கலைத்துவிடுங்கள், எப்போதும் அதே படம் முதலில் வந்து மற்றவற்றுக்கு அளவாகிவிடக் கூடாது.

குழுவில் ஒருவர் மட்டுமே வேலை செய்தார் என்ற புகார் வந்தால், அதைப் படத்தைப் பார்த்துத் தீர்க்க முடியாது. யார் எந்த முடிவை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று தனித்தனியாக அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். முடிவு எடுத்தவரால் எழுத முடியும்.

திருத்திய கட் முன்பைவிட மோசம்

எல்லாருடைய கருத்தையும் கேட்டு எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால் இதுதான் நடக்கும். எது உதவியது, எது கெடுத்தது என்று பிரிக்கவே முடியாது. பழைய டைம்லைனைப் பிரதி எடுத்து, தேதியோடு பெயரிட்டு வைத்துவிட்டு, காரணம் என்று நீங்கள் நம்பும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முன்னால் உள்ள கோளாறு சரியானால் பின்னால் வந்த இரண்டு மூன்று கருத்துகள் தாமாகவே மறையும்; அவற்றைத் தனியாகத் திருத்தியிருந்தால் வீண்வேலை ஆகியிருக்கும்.

யாருக்குத் திரும்பக் காட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். முதல் கட்டைப் பார்த்தவருக்கு இனி எல்லாம் புரியும், ஏனென்றால் கதை ஏற்கெனவே தெரியும். லைன், ஒலி, தாளம் பற்றி அவரிடம் கேட்கலாம். புரிகிறதா என்று கேட்கக் கூடாது. புதிய கண்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும் பொருள். ரஃப் கட்டை (முதல் தோராய எடிட்டை) வகுப்பு முழுவதற்கும் காட்டிவிடாமல், இரண்டு மூன்று பேரைக் கடைசிவரை ஒதுக்கி வையுங்கள். ஆர்வத்தில் கதையைச் சொல்லிவிடாதீர்கள், அவர்களும் போய்விடுவார்கள்.

ஒவ்வொரு பயிற்சியிலும் அதே கருத்து வருகிறது

ஒவ்வொரு திரையிடலுக்குப் பிறகும் ஐந்து பத்தி கொண்ட ஓர் அட்டவணையை நிரப்பிவைத்தவருக்குத்தான் இது தெரியவே வரும்: டைம்கோட், பார்த்தவர் சொன்னது, நீங்கள் கண்டுபிடித்த காரணம், செய்த மாற்றம், மறு திரையிடலில் அதே இடத்தில் என்ன நடந்தது. மூன்றாவது பத்தியை மட்டும் கீழே இறங்கிப் படியுங்கள். காரணம் எடிட்டிங் என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தும் கருத்து மாறாமல் வந்தால், தவறான கட்டத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருபடி முன்னே போய்ப் படப்பிடிப்பைப் பாருங்கள்: அந்தத் தருணத்துக்கு எத்தனை கோணம் எடுத்தீர்கள், எந்த ஷாட்டில் எப்போது கட் சொன்னீர்கள். அங்கேயும் இல்லையென்றால் ஸ்கிரிப்ட். அடுத்த பயிற்சியைப் படமெடுக்கப் போவதற்கு முந்தைய நாள், அந்த ஷாட் பட்டியலை வகுப்பில் உங்கள் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, படிக்கும்போதே "புரியலை" என்று எங்கே சொல்கிறார் என்று பாருங்கள். அந்த நிலையில் ஒரு ஷாட்டைச் சேர்க்க ஒரு வரி எழுதினால் போதும்.